பூரணி சொன்ன பெயர்

1979 மே எட்டாம் தேதி மாலை நாலரை மணிக்கு அழகுமுத்து தன் தங்கை பூரணியை வயிற்றில் உதைத்தான்.

அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் மோதி விழுந்தாள். புருஷன் செத்து இரண்டு வருடம். வயிறு ஆறு மாதம் போல் முன்னே தள்ளியிருந்தது. மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை.

“யாருடி?”

“யாரும் இல்லண்ணே. சாமி சத்தியமா.”

“அப்ப சாமிதான் குடுத்துச்சா?”

முடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைக் கதவு நிலையில் இடித்தான். ஒரு பல் தெறித்தது. அவன் மனைவி காளியாயி குறுக்கே வந்தாள். அவளுக்கும் ஓர் அறை விழுந்தது.

“சொல்லித் தொலையேன்டி. கொன்னே போட்ருவான்,” என்றாள் காளியாயி.

தோட்டத்தில் எவன் பெயரைச் சொன்னாலும் அவன் செத்தான் என்று பூரணிக்குத் தெரியும். இலங்கையை விட்டு ஊர் திரும்பக் காகிதம் கிடைத்த தொழிலாளி சோலைமலையைப் போன வியாழக்கிழமை தோட்டமே அட்டன் ஸ்டேஷனுக்குப் போய், மாலை போட்டு, அழுது, இந்தியாவுக்கு ரயிலேற்றியிருந்தது. இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பான்.

“சோலமல,” என்றாள்.

அழகுமுத்து முடியை விட்டான்.

காகிதத்தில் பிழை என்று, கப்பலேறும் தலைமன்னாரில் சோலைமலையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிக்கோயாவில் அக்காள் வீட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லாரும் பேசிச் சிரித்த விஷயம் அது. பூரணி பெரட்டுக்குப் போயிருக்கவில்லை.

கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அழகுமுத்து பஸ் ஏறினான்.

சோலைமலை வாசலில் கண்ணாடியைச் சாய்த்துவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். எல்லாரையும் ஒரே மாதிரித்தான் கூப்பிடுவான்.

“வா மச்சான். கப்பலுக்கே என்னையப் புடிக்கல, பாரு.”

தடுத்த கையில் முதல் வெட்டு விழுந்தது. தடித்த தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் துண்டாக்கும் கத்தி. மணிக்கட்டு தோலில் தொங்கியது.

“எதுக்குடா?”

இரண்டாவது வெட்டு கழுத்தில். பாதி முகத்தில் சவுக்கார நுரையோடு சோலைமலை படியில் சரிந்தான். அக்காள் வெளியே வந்தபோது கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அழகுமுத்து தேயிலைக்குள் ஓடினான். பூரணி ரத்தம் கக்கினாள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மறுநாள் காலை கொழுந்து லொறிக்காரன் சொன்னான். பொலிஸ் லயத்தில் தேடிக்கொண்டிருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

“புள்ளை இல்லப்பா,” என்றான் வார்டு சிற்றூழியன் றோலண்ட். “அத்தனையும் தண்ணி. நாலு போத்தல் எடுத்தாச்சு.”

டாக்டர் சிங்களத்தில் பேசினார். றோலண்ட் தமிழில் சொன்னான்.

“காமாலைக் கிருமியாத்தான் இருக்குமாம். ரத்தத்துல பத்து இருவது வருஷம் சும்மா கெடக்கும். வலி தெரியாது. ஈரலப் புண்ணாக்கிக்கிட்டே இருக்கும். ஆறுற எடமெல்லாம் தழும்பு. தழும்பு மேல தழும்பு ஏறி ஈரல் கல்லாட்டம் ஆயிரும். ரத்தம் போக வழியில்லாம தண்ணி வயித்துல எறங்கும். தீட்டும் நின்னுரும்.”

“குடிச்சாத்தானே ஈரல் கெடும்? இவ குடிக்க மாட்டாளே.”

“கிருமிக்குச் சாராயம் எதுக்குங்கிறாரு.”

டாக்டர் பூரணியின் உடைந்த வாயைக் காட்டி ஏதோ கேட்டார். றோலண்ட் அதைத் தமிழில் சொல்லவில்லை. அழகுமுத்துவின் சட்டையில் காய்ந்திருந்த ரத்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பூரணி கண் திறந்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

“அண்ணே, சோலமல அண்ணன் இந்நேரம் ஊரு போய்ச் சேந்திருப்பாருல்ல?”