இடைபுகுந்த விரல்

கதிரவன் மேற்கே சாய்ந்தும் சாயாமலும் நின்ற பொழுது அது. காலைமுதல் பெய்து ஓய்ந்த மழை, கூரைகளினின்று சொட்டியும், தெருவோரக் கால்வாய்களில் சலசலத்தும், கற்பாவிய வீதிகளில் ஆங்காங்கே தேங்கிக் கட்டடங்களின் தலைகீழ் உருவங்களைத் தாங்கியும், போக மனமில்லாத விருந்தாளிபோல் அந்நகரிலேயே தங்கிக் கிடந்தது. குடைகளை மடக்கி உதறியவாறு பணிமனைகளினின்று மக்கள் வெளிப்பட்டனர். வண்டிகள் சேற்றை வாரி இறைத்துச் சென்றன. கடைக்காரர் வாயிற்படிகளைத் துடைத்துக்கொண்டே வானத்தை ஐயத்தோடு அண்ணாந்து பார்த்தனர். நகரின் நடுவே ஓங்கி நின்ற இசையரங்கின் முகப்பில், ஈரத்தால் ஓரம் சுருண்ட சுவரொட்டியொன்று தொங்கியது. கருஞ்சட்டை அணிந்து பியானோவின் முன் அமர்ந்த ஒருவன் படம் அதில் பெரிதாக விளங்கிற்று. நுணுகிப் பார்ப்பவர்க்குப் படத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் தோளும் சிறிது தெரியும். இருவர் இருந்த படத்தை ஒருவர் படமாக வெட்டியவனுடைய கத்தரிக்குத் தப்பிய தோள் அது.

அந்தத் தோளுக்கு உரியவள் அப்பொழுது அவ்வழியே வந்தாள். ஒரு கையில் இசைத்தாள்கள் நிறைந்த பையும் மற்றொரு கையில் மடக்கிய குடையுமாக வந்தவள், சுவரொட்டியைக் கண்டதும் நின்றாள். தன் தோள் வெட்டுண்டதை எண்ணி அவள் வருந்தினாளல்லள். தன் கணவன் முதன்முறையாக அவ்வரங்கில் தனியே வாசிக்கப் போகின்றான் என்னும் அறிவிப்பைப் படித்தபோதுதான் அவள் அச்சம் கொண்டாள். அவன் விரலைப் பற்றி இவ்வுலகில் வேறெவரும் அறியாத உண்மையொன்றை அவள் அறிவாள். அவனும் அதை அறியான் என்பதே இக்கதையின் துயரம்.

கற்றறிந்த அன்பரே, ஒரே பியானோவின்முன் இருவர் நெருங்கி அமர்ந்து நான்கு கைகளால் வாசிக்கும் வழக்கத்தை நீவிர் கேள்விப்பட்டிருப்பீர். (பியானோவுக்குச் செந்தமிழிலொரு பெயர் சூட்டாது விட்டானே என்று சினவற்க, சூட்டியிருந்தால் உமக்கும் எமக்கும் அன்றி வேறெவர்க்கும் அது விளங்கியிராது.) சூபர்ட் முதலிய இசைப்பெரியோர் இதற்கென்றே பாடல்கள் யாத்து வைத்துள்ளனர். வலப்பக்கம் இருப்பவர் உயர்ந்த சுரங்களையும் இடப்பக்கம் இருப்பவர் தாழ்ந்த சுரங்களையும் வாசிப்பர். ஒலியை நீளச் செய்யும் மிதி இடப்பக்கத்தவர் காலுக்குரியது. நடுவில் ஒருவர் இடக்கையும் மற்றவர் வலக்கையும் ஒன்றையொன்று உரசுமளவுக்கு நெருங்கி நிற்கும். நம் கணவன் வலப்பக்கத்தான், மனைவி இடப்பக்கத்தாள். திருமணத்துக்கு முன்பிருந்தே அவ்வாறு அமர்ந்து வாசித்தவர்கள் அவர்கள். அந்நெருக்கத்திலேதான் திருமணமும் கூடிற்று என்று நண்பர்கள் கிண்டல் செய்வதுண்டு.

இவ்வாறிருக்கையில் கணவனின் இடக்கை மோதிர விரலுக்குக் கேடு வந்தது. கரண்டி பிடிக்கும்போதும் பொத்தான் மாட்டும்போதும் ஒழுங்காக இருந்த அவ்விரல், பியானோவின் கட்டையைத் தொட்டதும், சுட்டதுபோல் உள்ளே மடங்கிக்கொண்டது. விரலில் பழுதில்லை, விரலை ஏவும் மூளையில்தான் குழப்பம், காலமெல்லாம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த கைகளுக்கு வருவது இது, ஓய்வு கொடுத்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். பார்க்க வந்தவரெல்லாம், சூமன் என்னும் இசைப்பெரியார்க்கும் இளமையில் விரல் கெட்டதென்றும், அதன் பின்னரன்றோ அவர் இசை யாப்பதில் இறங்கிப் பெயர் பெற்றாரென்றும், பாடம் ஒப்பிப்பார்போல் ஒரே கதையைச் சொல்லிச் சென்றனர். அவருக்கு எழுத வந்தது, எனக்கு என்ன வரும் என்று அவன் கேட்டபோது வந்தவர் குடையைத் தேடி எழுந்தனர். அவன் உண்பதும் குறைந்தது. வீட்டில் பேச்சும் குறைந்தது.

மனைவிக்கு மற்றுமொரு பணி இருந்தது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில், வரிசை வரிசையாய் நின்ற குழல்களில் காற்றைச் செலுத்தி முழங்கும் ஆர்கனை வாசிப்பவள் அவள். அங்குப் பாடற்குழுவில் இருந்த ஆண்குரலார் இருவர் மழையென்றாலும் வாரார், வெயிலென்றாலும் வாரார். வந்தாலும் உச்சச் சுரத்தை எட்டார். அவர் விட்ட சுரத்தை மென்மையான குழலொன்றைத் திறந்து அவளே ஒலித்துவிடுவாள். கேட்பவர்க்கு நிறைவு, பாடியவர்க்குப் பெருமை, எவர்க்கும் இழப்பில்லை. இதை அவள் பெரியதொரு திறமாகவும் எண்ணியதில்லை. கறியில் உப்புக் குறைந்தால் சற்றே இடுவதுபோல் தன்போக்கில் செய்துவிட்டு வீடு திரும்புவாள்.

அந்தப் பழக்கமே அவளைப் படுகுழியில் தள்ளிற்று. விரல் கெட்டபின், ஓய்வால் அது தேறியிருக்கும் என்று நம்பி இருவரும் ஏறிய முதல் மேடையில், கணவனின் மோதிர விரல் மடங்கிச் சுரமொன்று விட்டுப்போக இருந்த நொடியில், அவளுடைய வலக்கைச் சுண்டுவிரல் தானே எட்டிச்சென்று அச்சுரத்தை ஒலித்தது. அவன் கண்கள் வலப்பக்கத்து இசைத்தாளில் பதிந்திருந்தன. காதில் விழுந்ததோ குறைவற்ற இசை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் தலைகால் புரியாமல் மகிழ்ந்து, ஒரு சுரம்கூட விடவில்லை, பார்த்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நெடுநாளுக்குப்பின் சிரித்த அம்முகத்தைப் பார்த்தபோது, சொல்ல வந்ததை அவள் மென்று விழுங்கினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அந்த நாளை வரவேயில்லை.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. மேடையிலும் வீட்டிலும் அவன் விட்டதையெல்லாம் அவள் எடுத்தாள். எடுத்தது தெரியாதவாறு மிதியை நீட்டிப் பிடித்து ஒட்டுத்தையலை மறைத்தாள். தனியே அமர்ந்து வாசித்தால் மட்டும் விரல் மடங்குவதை அவன் உணராமலில்லை. ஆனால் அதற்கும் அவன் ஒரு காரணம் கண்டுபிடித்தான்: வெற்றறையில் அடம்பிடிக்கும் விரல், கேட்க ஆளிருந்தால் பணிந்துவிடுகின்றது என்று. மனைவியொருத்தி அருகிலிருப்பதே இத்துணை செய்யுமாயின், அரங்கம் நிறைந்த மக்கள் என்னதான் செய்யமாட்டார்! பித்துப்பிடித்த கணக்குத்தான், ஆயினும் உள்ளம் விரும்பும் விடை கிடைத்துவிட்டால் நம்மில் எவர் கணக்கைச் சரிபார்க்கின்றோம்?

இதற்கெல்லாம் நெய் வார்த்தவள் நாத்தனார். தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் அவ்வம்மையார், எத்தனை நாளைக்குத்தான் அவன் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு வாசிப்பான் என்று உறவினர் கூடிய இடமெல்லாம் கேட்டு, ஒருநாள் அரங்கத் தலைவரையே வீட்டுக்கு அழைத்து வந்து, தேநீர் ஆறுமுன் நாளும் குறித்துவிட்டாள். தான் பக்கத்தில் உதவிக்கென்று இருக்கட்டுமே என மனைவி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பார்வைக்கு உரை வேண்டியதில்லை. கணவனோ தான் கற்பித்துவந்த இசைப்பள்ளி வேலையையும் விடப்போவதாகச் சொல்லிவிட்டு வந்து நின்றான். சொன்னால் வீட்டில் உடைவான், சொல்லாவிட்டால் ஊர்நடுவில் உடைவான். அவனை உடைக்காத வழி ஒன்றும் அவளுக்கு மிஞ்சவில்லை.

சுவரொட்டியின்முன் நின்றவள் அன்றைக்கே சொல்லிவிடுவதென்று உறுதிகொண்டு வீடு நோக்கி நடந்தாள். பயிற்சியறையின் சாளரம் திறந்திருந்தது. ஈரக்காற்று இசைத்தாள்களின் ஓரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. இருவர் அமரும் நீள்பலகையின்மேல் கணவன் தனியே அமர்ந்து, விரல்களை வெந்நீர்த் துணியால் ஒற்றியபடி, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். வா, ஒருமுறை சேர்ந்து வாசித்தால் கை சூடாகிவிடும், அப்புறம் தனியே பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் அமரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். "உங்க விரல் இன்னும் சரியாகல. விட்டுப்போற சுரத்தையெல்லாம் இத்தனை நாளா நான்தான் வாசிச்சிட்டிருக்கேன்."

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான். துணியை மடித்து வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "போஸ்டர்ல உன்னை வெட்டிட்டாங்கன்னு வருத்தமா?" என்று கேட்டான். கன்னத்தில் அறைந்திருந்தாலும் அவளுக்கு அவ்வளவு வலித்திராது. பொறாமை என்னும் சொல்லை அவன் வாயால் சொல்லவில்லை. அது அறைநடுவில் வந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டது. சரி, உன் பங்கை மட்டும் வாசி, அதையும் பார்த்துவிடலாம் என்றான் அவன்.

வாசித்தார்கள். தன் சுண்டுவிரலை உள்ளங்கையோடு ஒடுக்கிக்கொண்டு, தனக்குரிய சுரங்களையே அவள் எண்ணியெண்ணி ஒலித்தாள். முதல் பக்கம் முடியுமுன் பல் விழுந்த வாய்போல் இசையில் ஓர் ஓட்டை விழுந்தது. பின்னும் ஒன்று. அவன் சட்டென நிறுத்தி, மிதியை அவள் வேண்டுமென்றே விரைவில் எடுத்துவிடுகின்றாள், அதனால்தான் சுரம் அறுந்துபோகின்றது என்று குற்றம் சாட்டினான். அவள் காலைப் பின்னுக்கிழுத்து, நீங்களே மிதியுங்கள் என்று ஒதுங்கிக் கொடுத்தாள். நீரில் மூழ்குபவன் துரும்பு தேடும் முகத்தை அவள் அன்று மிக அருகில் கண்டாள்.

மறுபடி தொடங்கினர். இம்முறை மெல்ல நடக்கும் பகுதி. மெல்ல நடக்கும் இசையில் எதையும் ஒளிக்க இயலாது என்பதை வாசிப்பவர் அறிவர். அவனுடைய மோதிர விரல் கட்டையைத் தொட்டது, மடங்கியது, சுரம் விழப்போகும் அந்த இமைப்பொழுதில், எவ்வளவோ ஒடுக்கிவைத்திருந்தும், அவள் அறியாமலே, அவள் விருப்பத்துக்கு மாறாகவே, சுண்டுவிரல் நீண்டு சென்று அச்சுரத்தை மெத்தென ஒலித்தது. சற்றும் முந்தாமல், சற்றும் பிந்தாமல், நெடுநாள் குடியிருந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது அது. மிதியைப் பார்க்கவென்று தாளினின்று கண்களைக் கீழே இறக்கியிருந்த கணவன் அதைக் கண்டான். அவள் விரல் கையும் களவுமாகப் பிடிபட்டது.

வாய் சொன்னதை நம்பாதவன் விரல் சொன்னதை நம்பினான். பொறாமைக்காரியின் விரல் அவ்வாறு ஓடி வராது என்பது, வாழ்நாளெல்லாம் விரல்களோடு பழகியவனுக்குத் தெரியாதா? இருவர் கைகளும் கட்டைகளின்மேலேயே கிடந்தன.

"போன மழைக்காலத்துல ஒரு கச்சேரி வாசிச்சோமே" என்றான் அவன், கைகளைப் பார்த்தபடியே. "பாட்டுல இதே இடம். இதே சுரம். அது அவ்வளவு அழகா வந்துச்சுன்னு நான் பின்னறைக்குப் போய் அழுதேன். என் கை எனக்குத் திரும்பக் கெடச்சிருச்சுன்னு அழுதேன். அது யாரு?"

நீங்கள்தான் என்னும் சொல் அவள் நாவின் நுனியில் வந்து நின்றது. ஒரே ஒரு சுரம். அதையாவது அவனுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவள் நெஞ்சு கெஞ்சியது. அவ்வாறு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தன்றோ இந்தப் பலகையில் வந்து அமர்ந்திருக்கின்றோம் என்பதும் உடனே உறைத்தது.

"நான்தாங்க" என்றாள்.

அவன் தலையசைத்தான். கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாளைக் காலையில் அரங்கத்துக்குத் தானே போய் வாசிக்க இயலாதென்று சொல்லிவிடுவதாகவும், அக்காவிடமும் தானே பேசிக்கொள்வதாகவும், பள்ளியில் வேலையைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதாகவும், கடைக்குப் போய்வரும் செய்திபோல் ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு அவளை எழுந்து அந்தச் சாளரத்தருகு நாற்காலியில் போய் அமரச் சொன்னான். அவள் தயங்கினாள்.

"நான் தனியா வாசிக்கறேன். நீ சும்மா கேளு" என்றான். "என் தப்பையாவது எனக்கு விட்டு வையி."

அவள் போய் அமர்ந்தாள். அவன் மெல்ல நடக்கும் அந்தப் பகுதியைத் தன் இரு கைகளால் மட்டும் வாசித்தான். அவளுடைய பங்கு இல்லாமையால் இசை அடித்தளமற்று நின்றது. அவன் விரல் மடங்கிய இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. அவன் நிறுத்தவுமில்லை, திரும்பி எடுக்கவுமில்லை. ஒவ்வோர் ஓட்டைக்கும் உரிய பொழுதைக் கொடுத்துக் காத்திருந்து, அதைக் கடந்து அடுத்த சுரத்துக்குச் சென்றான். ஒவ்வொரு முறையும் அவள் மடியில் சுண்டுவிரல் துடித்தது. இடக்கையால் வலக்கையை இறுகப் பற்றிக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, அவள் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று விளங்கிற்று: இத்தனை திங்களாக அவனருகிலேயே அமர்ந்து, அடுத்த சுரம் விழுமோ விழுமோ என்று அஞ்சியதன்றி, தன் கணவன் வாசிப்பை அவள் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

அன்பின் மிகுதியால் ஒருவர் குறையை மூடுவோர், மூடிய கையாலேயே அவரையும் மூடிவிடுகின்றனர். அதை அறியும் பொழுதில் அவர் நெடுந்தொலைவு போய்விட்டிருப்பர், நம் பக்கத்திலேயே அமர்ந்திருந்தாலும். அவன் வாசித்து முடித்தபோது அறையில் இருள் கவிந்திருந்தது. விளக்கேற்ற அவள் எழுந்தாள். வேண்டாம், இன்னொரு முறை வாசிக்கிறேன் என்றான் அவன். அவள் மீண்டும் அமர்ந்து கேட்டாள்.