சிம்பாங்கில் ஆளே இல்லை

எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் முடியாது. இது என் குணம். "ஒனக்கு வாய் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று என் வீட்டுக்காரர் ஜூலியஸ் சொல்வார். சொல்லிவிட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று அவரே என்னிடம் கேட்பார்.

போதாததற்கு எனக்கு வாய்த்த வேலையும் அப்படி. தோட்டத்து ஆயாக்கொட்டாயில் நான்தான் பெரிய ஆயா. எனக்குத் துணைக்கு நவமணி என்று ஒரு பெண். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகிற அம்மாக்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு, பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுப்பதற்கு முன்னால், பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு அம்மாக்கள். நான் ஐந்து மணிக்கு ஒரு சங்கதியைச் சொன்னால் ஐந்தரைக்கெல்லாம் அது எல்லா லயத்துக்கும் போய்விடும். ரேடியோகூட அவ்வளவு வேகமாகச் சொல்லாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம், பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்க சிம்பாங் கடைக்குப் போயிருந்தேன். தோட்டத்துச் செம்மண் பாதை தார் ரோட்டைத் தொடுகிற முக்குதான் சிம்பாங். அங்கே ஒரு சீனர் கடை, எதிரே பஸ் நிற்கிற இடம், அவ்வளவுதான். கடைவாசலில் யாரோ ஒரு நாற்காலியையும் குடையையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரோட்டில் வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு வேறு போட்டிருந்தது.

"என்னா தவுக்கே இது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"நாளைக்குக் கவர்மெண்டு ஆளு வருவாரு. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் உக்காந்து எழுதுவாரு. பஸ்ஸு, காடி, சைக்கிள், எல்லாம்" என்றார் அவர்.

சைக்கிள் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் தோட்டத்தில் அறுபது எழுபது சைக்கிள் இருக்கும். லைசென்ஸ் கட்டித் தகடு மாட்டின சைக்கிள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியுடையது ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சிம்பாங்கில் எட்டுச் சைக்கிளைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது வேறென்னவாக இருக்க முடியும்?

மறுநாள் ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கையில் வாங்க வாங்க ஒவ்வொரு அம்மாவிடமும் சொன்னேன். "இன்னைக்கு சிம்பாங்ல லைசென்ஸ் புடிக்கிறாங்க. யாரும் அந்தப் பக்கம் போவாதீங்க."

யாரும் போகவில்லை. டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பேக்டரிக்குப் போகிற பெண்கள், மத்தியானம் வேலை முடிந்து சுங்கைப் பட்டாணிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் ரப்பர் காட்டுக்குள்ளேயே சைக்கிளை விட்டு, மூன்று மைல் சுற்றி, கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்து ஸ்டாப்பில் போய் பஸ் ஏறினார்கள். எத்தனை பேரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு அன்றைக்கெல்லாம் ஒரே பெருமை.

ஜூலை மாதம் தபாலாபீஸ் சுவரில் மலாயில் ஒரு பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வட்டாரத்துக்குப் புது ரோடு, பஸ் திட்டம். திட்டத்தின் வரைபடம் டவுன் மண்டபத்தில் ஒரு மாதம் மாட்டியிருக்கும். பொதுமக்கள் யாரும் பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம். 'யாரும்' என்று போட்டிருந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த நாற்பது வயசு வரைக்கும் என்னை யார் அபிப்பிராயம் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜூலியஸைக் கோயில் வாசலில் நிற்க வைத்துவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

சுவர் முழுக்கப் படம். எங்கள் ஊரை மேலே பறந்துகொண்டு பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போல. ஆறு இது, ரயில் பாதை இது, எங்கள் தோட்டம் பச்சை. ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் சிவப்பில் ஒரு வட்டம். சிலது காசு அளவு, சிலது ரொட்டிச் சட்டி அளவு. விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். மேசையில் உட்கார்ந்திருந்த இளவயது அதிகாரி எழுந்து வந்தார். ரஸாலி என்று பேர்.

"இந்த வட்டம் என்ன, என்சிக்?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"அந்த இடத்தில் எத்தனை பேர் பஸ் ஏறுகிறார்கள் என்று காட்டுகிறது, கக்கா. ஆள் கூடினால் வட்டம் பெரிதாகும்." மலாயில் அக்காவைக் கக்கா என்பார்கள்.

கம்பத்து ஸ்டாப்பில் இருந்ததுதான் ரொட்டிச் சட்டி. எங்கள் சிம்பாங்கைத் தேடினேன். ரோடு வளைகிற இடம் இருந்தது, வட்டம் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

"இங்கே ஆளே இல்லை" என்றார் அவர். "பிப்ரவரியில் ஒரு நாள் முழுக்க எண்ணினோம். பூஜ்யம். அதனால் புது ரோடு கம்பத்திலிருந்து நேராக டவுனுக்குப் போகும். பஸ்ஸும் அதிலேயே போகும். இந்தச் சுற்று வேண்டாம்."

அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எண்ண வந்த ஆளா? சும்மா எண்ணுவதற்கென்று ஒருத்தர் வருவாரா?

முதலில் இராசாத்தி முகம்தான் கண்ணுக்கு வந்தது. இருபத்து நாலு வயசு, புருஷன் தவறி ஒரு வருஷம். இரண்டு வயசுப் பெண் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் டவுனுக்குச் சட்டை தைக்கிற பேக்டரிக்குப் போகிறாள். அவளுடைய அப்பா அய்யாவு அண்ணனுக்கு மகளை அனுப்புவதே அரை மனசு. சிம்பாங்குக்கு பஸ் வருவது நின்றுபோனால், இருட்டில் மூன்று மைல் ரப்பர் காட்டில் ஒரு பெண்ணைத் தனியாக விடுவாரா? மறுநாளே கையில் வாளியைக் கொடுத்துப் பால்மரம் வெட்ட அனுப்பிவிடுவார். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண் மறுபடி சிரிக்கவே ஆரம்பித்திருந்தாள்.

"இத மாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"அதற்குத்தானே மாட்டியிருக்கிறோம்" என்று எழுதிக்கொடுக்கிற பாரம் ஒன்றை நீட்டினார். "பேர், விலாசம், என்ன ஆட்சேபம், என்ன காரணம். அவ்வளவுதான்."

"தொரை கையெழுத்து?"

"வேண்டாம்."

"கிராணி?"

"கக்கா கையெழுத்துப் போதும்."

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. தோட்டத்தில் கூரைத் தகரம் மாற்றுவதற்கே மூன்று பேர் கையெழுத்து வேண்டும். பாரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், எங்காவது சின்ன எழுத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. 'கணக்குத் தப்பு' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர் பஸ் ஏறுகிறார்கள்' என்று மட்டும் எழுதினேன். உண்மைக் காரணத்தை எழுதக் கை வரவில்லை.

ஆகஸ்டில் நேர் விசாரணைக்குக் கடிதம் வந்தது. பாதிக்கப்படுகிறவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருந்ததால் இராசாத்தி அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். "ஒங்களாலதான்க்கா எனக்கு வேலை நெலைக்கணும்" என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்துக் கேட்டார். "காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை எண்ணியிருக்கிறார்கள். ஒருவரும் ஏறவில்லை. நீங்கள் கணக்குத் தப்பு என்கிறீர்கள். எப்படித் தப்பாகும்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அன்றைக்குக் கோயில் திருவிழா என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் இராசாத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் யாரும் போவாதீங்கன்னு சொன்னேன், துவான்" என்றேன். "சைக்கிள் லைசென்ஸ் புடிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். கேட்டுத் தெரிஞ்சுக்கல. நானா நெனச்சுக்கிட்டு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எல்லாரும் கம்பத்துல போயி ஏறினாங்க."

ரஸாலி வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பு வந்திருக்கும். இராசாத்தி சிரிக்கவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "மறுபடி ஒரு நாள் எண்ணச் சொல்கிறோம்" என்றார் நடுவில் இருந்தவர். "எந்த நாள் என்று சொல்ல மாட்டோம். சொன்னால் பஸ் ஏறாதவர்களும் வந்து நிற்பார்கள். நீங்களும் ஆள் சேர்க்கக் கூடாது. எப்போதும் போகிறவர்கள் போனால் போதும்."

திரும்பி வரும்போது இராசாத்தி பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் குழந்தையை என் கையில் கொடுக்காமல் நவமணி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது எனக்கு ஒரே குழப்பம். எண்ணுகிற ஆள் என்றைக்கோ வருவார். நாற்காலியைப் பார்த்த உடனே எங்கள் ஆட்கள் மறுபடி காட்டுக்குள் ஓடுவார்கள். இரண்டாவது தடவையும் பூஜ்யம் என்றால் அதற்கு மேல் யார் கேட்பார்கள்? ஆள் சேர்க்கக் கூடாது என்றார்களே தவிர, உண்மையைச் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் ஐந்து மணிக்கு ஒவ்வொரு பிள்ளையாக வாங்கும்போது ஒவ்வொரு அம்மாவிடமும் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. லைசென்ஸ் புடிக்க வரல, தல எண்ணத்தான் வந்தாங்க. நாற்காலியப் பாத்தா பயப்படாதீங்க." முப்பத்திரண்டு தடவை சொன்னேன். நான் சொல்லி ஊருக்குள் எடுபடாத சங்கதி இது ஒன்றுதான்.

"மொத லைசென்ஸ்னே, இப்ப இல்லேங்கிறே" என்றார் பழனியாண்டி. பால் வெட்டுகிறவர்களில் அவர்தான் வாயாடி. "எத நம்புறது லா? நீ மொதல்ல சைக்கிள்ல போ. ஒன்னய புடிக்கலேன்னா நாங்க வர்றோம்."

இராசாத்தி நான் பேசி முடிக்கும்வரை நின்றாள், குழந்தையை நவமணியிடம் கொடுத்தாள், போய்விட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நவமணியின் தங்கச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, சிம்பாங்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். யாரும் ரோட்டுக்கே போகல. எல்லாரும் மரத்துக்குப் பின்னால நிக்கிறாங்க."

பிள்ளைகளை நவமணியிடம் விட்டுவிட்டு ஜூலியஸின் சைக்கிளை எடுத்தேன். பெல் இல்லை, விளக்கு இல்லை, தகடு இல்லை. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று மிதித்தேன். ரப்பர் மர ஓரத்தில் ஐம்பது பேருக்கு மேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இராசாத்தியும் நின்றாள். அவள் சைக்கிள் ஹேண்டிலை அய்யாவு அண்ணன் இறுக்கிப் பிடித்திருந்தார். "அபராதம் கட்ட என்கிட்ட டுயிட் இல்லம்மா, திரும்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்துவிட்டது.

நான் நேராகப் போய் நாற்காலிக்காரன் மூக்குக்கு முன்னால் பிரேக் போட்டேன். பாவம், பையன் பயந்துவிட்டான்.

"என்ன எழுதுற? காட்டு" என்றேன் மலாயில்.

அவன் அட்டையைத் திருப்பிக் காட்டினான். கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் அப்போதுதான் போட்ட ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு நான்தான்.

திரும்பி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "கோடுதான் போடுறான்! பேருகூட கேக்கல! இங்க வந்து பாருங்க, என்னய புடிக்கல!"

யாரும் அசையவில்லை. பஸ் வந்து நின்றது. டிரைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது இராசாத்தி தன் அப்பாவின் கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டாள். சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். பையன் ஒரு கோடு போட்டான். அவள் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் பேக்டரிப் பெண்கள். அய்யாவு அண்ணனும் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பையனை முறைத்துக்கொண்டே, கடைவாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

பஸ் படியில் கால் வைத்த இராசாத்தி திரும்பிப் பார்த்தாள். "இங்க நின்னு வேடிக்க பாக்குறீங்களே, பிள்ளைங்கள யாரு பாக்குறா?" என்றாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு அது. சைக்கிளைத் திருப்பின நான் ஆயாக்கொட்டாய் வரைக்கும் நிற்கவே இல்லை.

டிசம்பரில் கடிதம் வந்தது. புது ரோடு வரும். ஆனால் காலையிலும் மாலையிலும் பஸ் சிம்பாங் சுற்றிதான் போகும். திருத்தின படத்தைப் பார்க்க நானும் இராசாத்தியும் ஒரு சனிக்கிழமை போனோம். எங்கள் சிம்பாங்கில் இப்போது ஒரு சிவப்பு வட்டம், தேநீர்க் கோப்பைத் தட்டு அளவு. இராசாத்தி அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் ரஸாலியிடம் அது எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் பைலைப் புரட்டினார்.

"அன்று முழுக்க நூற்றுப் பதினெட்டு."

"அதுல ஒண்ண எடுத்துருங்க" என்றேன். "காலையில மொதக் கோடு நான். நான் பஸ் ஏறல, சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஒரு ஆள் கூடினால் என்ன, கக்கா? யார் கேட்கப் போகிறார்கள்? நிஜமாகவே மாற்ற வேண்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இராசாத்தி படத்தை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மாத்திருங்க என்சிக்" என்றாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் பேனாவை எடுத்து நூற்றுப் பதினெட்டை அடித்துவிட்டு நூற்றுப் பதினேழு என்று எழுதினார்.