செலாவன் மலையில் நாலாவது ஆள்

மூன்று பேர் ஆயிற்று. இன்னும் ஒருவர் கிடைத்துவிட்டால் செலாவன் மலை வுர்யானியின் பெயரில் ஏறிவிடும்.

மத்திய ஜாவாவின் மலைகளிலெல்லாம் யாராவது ஒருவர் கையடக்க வானொலியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பாட்டரியிலேயே நாலு பேரோடு பேசி, முதல் ஆள் என்று பெயர் வாங்கிவிட்டார்கள். செலாவனை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மதியம் தாண்டினால் இடி இறங்கும் மலை அது.

"அண்ணி, தெக்கால கறுத்துக்கிட்டு வருது. இந்தக் கம்பி மேல இடி விழுந்தா நான்தான் மொதல்ல கருகுவேன்" என்றாள் நாத்தி லஸ்த்ரி. வானொலிக் கம்பியைக் கட்டிய தூண்டில் கம்பை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒருத்தர்தான்டி. கொஞ்சம் பொறு."

அப்போதுதான் மறுபக்கத்துத் தோட்டப் பாதையில் ஜீப் ஏறி வந்தது. அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் தலைவர் ஹெந்த்ராஸ்தோ இறங்கினார். சங்கத்துக்கு முப்பதாவது ஆண்டு. உயரத்திலிருந்து ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார். ஜெனரேட்டர் உறுமியது. பெரிய வானொலியில் அவர் வாயைத் திறந்ததும் வுர்யானியின் காதுக்குள் இரும்புத் தகரத்தை இழுத்தது போல இருந்தது. அலைவரிசையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர் குரல்தான்.

அவள் எழுந்து போய், கோபத்திலும் 'பாக்', ஐயா என்றே ஆரம்பித்தாள்.

"பாக், ஒரு மணி நேரமா இதே அலைவரிசையில நான் பேசிட்டிருக்கேன். அலைவரிசை காலியான்னு கேட்டீங்களா?"

"மூணு தடவ கேட்டேனே இபு! யாரும் பதில் சொல்லலையே."

"ஜெனரேட்டர் சத்தத்துல எங்க பதில் கேக்கும்? தலையத் திருப்பியிருந்தா நானே கண்ல பட்டிருப்பேன்."

"அட, கோவிச்சுக்காதீங்க. சமைக்கிற கையில வானொலி பிடிக்கிறீங்களேன்னு எனக்கே பெருமையாத்தான் இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க."

வாய் நிறைய 'இபு', அம்மா; ஆனால் சமைக்கிற கை! பரீட்சை எழுதி உரிமம் வாங்கிப் பதினாலு வருஷம் ஆகிறது. வுர்யானி திரும்பி வந்து மறுபடி கூப்பிட ஆரம்பித்தாள். பாட்டரியில் பாதிதான் மிச்சம்.

தலைவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரு மெல்லிய குரல் வந்தது. சுலவேசித் தீவின் மக்காசாரிலிருந்து டாயெங் ரேவா. கடலுக்கு அந்தப் பக்கம்!

"இபு, சன்னமா கேக்குது. உங்களுக்கு நாப்பத்திரண்டு. எனக்கு எவ்வளவு?"

குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கான எண் அது. இவள் சொல்லும் எண்ணை அவர் தன் காதால் கேட்டு எழுதினால்தான் பேச்சு முழுமையாகும்.

"ஐம்பத்து மூணு! டாயெங், ஐம்பத்து மூணு!"

"சத்தத்துல போச்சு இபு. இன்னொரு தடவ..."

அவள் வாயெடுப்பதற்குள் தலைவரின் குரல் இடித்துக்கொண்டு நுழைந்தது. "டாயெங், இங்க ஹெந்த்ராஸ்தோ! அந்த இபு உங்களுக்கு ஐம்பத்து மூணு குடுத்தாங்க. எழுதிக்கோங்க!"

வுர்யானி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். மூன்றாம் ஆள் வாயிலிருந்து வந்த எண் செல்லாது. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித் தருவது இது. சொல்லித் தந்தவரே இந்த மனிதர்தான்.

"முடிச்சுக் குடுத்துட்டேன் பாத்தீங்களா" என்று அவர் அங்கிருந்தே கை ஆட்டினார்.

"கெடுத்துக் குடுத்தீங்க!"

"அதெல்லாம் யாரு பாக்கப் போறா? எழுதிக்குங்க. மழ வருது."

"பாட்டரியச் சொமந்து மூணு மணி நேரம் அட்டை கடிக்கக் கடிக்க ஏறுனது பொய் எழுதவா?"

தெற்கே இடி உருண்டது. "அண்ணி, நான் கம்பக் கீழ போட்டுருவேன்" என்றாள் லஸ்த்ரி.

வுர்யானி ஒலிவாங்கியை எடுத்தாள். எதிரே நிற்கும் தலைவரைப் பார்த்துக்கொண்டே, ஆனால் வானொலியில், அவருடைய உரிமத்திலுள்ள அழைப்புக் குறியை முறைப்படி எழுத்தெழுத்தாகச் சொன்னாள். ஜாவாவிலும் சுலவேசியிலும் காது வைத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

"இந்த அலைவரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல புழக்கத்துல இருக்கு. பதில் வருதான்னு காது குடுக்காம நீங்க நுழைஞ்சீங்க. ஒருத்தரோட எண்ண இன்னொருத்தர் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குப் பாடம் எடுத்தவர் நீங்க. தயவு செஞ்சு நிறுத்துங்க."

பிறகு யாரோ முகம் தெரியாத ஒருவர், "நிறுத்துங்க பாக்" என்றார். இன்னொரு குரல், "இபு பேசட்டும்."

ஹெந்த்ராஸ்தோவின் முகம் சுண்டிப் போனது. ஜெனரேட்டர் அடங்கியது.

"டாயெங், இருக்கீங்களா? பழைய எண்ண அடிச்சிருங்க. அது கெட்டுப் போச்சு. புதுசா குடுக்கிறேன். நாப்பத்தஞ்சு. நாலு, அஞ்சு."

"நாப்பத்தஞ்சு. என் காதால கேட்டேன் இபு. உங்களுக்கு முப்பத்தொண்ணு. பாட்டரி எறங்குது போல, கொரல் ரொம்ப மெலிஞ்சிருச்சு."

"கெடச்சது முப்பத்தொண்ணு. நன்றி!"

லஸ்த்ரி கம்பைப் போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஓடினாள். முதல் தூறலில் வுர்யானி கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் நிறுத்துனதாலதானே கெடச்சுது? சங்கத்து மலர்ல அதையும் ஒரு வரி போடணும் இபு."

"கட்டாயம் போடலாம் பாக். நீங்க எதுக்காக நிறுத்துனீங்கங்கிறதையும் சேத்துப் போடுவோம்" என்று சொல்லிவிட்டு அவள் கம்பியை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.