வளையல் கடை இல்லாத திருப்பம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையது அல்ல. போன கார்த்திகையில், முதல் தேர்தலுக்காகச் சுவரெல்லாம் சின்னம் வரைந்துகொண்டிருந்த நாட்களில், சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் நான் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றேன். வெளியூர்க்காரி ஒருத்தி வந்து கேட்டாள்:

"அண்ணாச்சி, இந்த ஊர்ல குடிக்க தண்ணி எங்கன எடுக்காவ?"

வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பது வேறு. புற்றுமண் எங்கே கொடுப்பார்கள், நாகசுனைக்கு எப்படிப் போவது, அம்மன் சன்னதி நடை எப்போது சாத்துவார்கள். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆனால் தண்ணீருக்கு உடனே பதில் வரவில்லை. என் வீட்டில் தண்ணீர் குடத்தில் இருக்கும். குடத்துக்கு அது எப்படி வருகிறது என்பது என் மனைவி காந்திமதியின் இலாகா. "வடக்கே ஒரு கெணறு இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகக் கையைக் காட்டினேன். அவளும் கூட வந்த ஆணும் வடக்கே போனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "வருஷம் தவறாமல் ஆடித் தபசுக்கு வண்டி கட்டிக்கொண்டு வரும் கருத்தப்பாண்டியும் அவன் மனைவி பேச்சித்தாயும் அன்று..."

அடித்துவிட்டேன். தபசு என்று எழுதிவிட்டால் பேனா கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். சப்பரம், மேளம், சாமியைப் பார்த்ததும் மிளகாய் வத்தலையும் பருத்தியையும் வாரி இறைக்கிற சம்சாரிகள். அந்த நெரிசலில் இவர்கள் இரண்டு பேரையும் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

இரண்டாவது: "பேச்சித்தாய்க்கு அந்த ஊரில் ஒரு ரகசியம் இருந்தது."

இதையும் அடித்தேன். ரகசியம் வைத்தால் கதை தானாக ஓடும், தெரியும். ஆனால் தண்ணீர் எங்கே என்று கேட்ட முகத்தில் ரகசியம் எதுவும் இல்லை. சந்தையில் மாடு பிடிக்க வந்து, பல்லைப் பார்க்கிற முகம் அது.

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது. இளையரசனேந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். மழை ஏமாற்றியது இது மூன்றாவது வருஷம். பருத்தி முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. கருத்தப்பாண்டி உழவு மாட்டையும் விற்றுவிட்டான். அவனிடம் பருத்தி வாங்குகிற வியாபாரி மைதீன் பாட்சா ஒரு யோசனை சொல்லியிருந்தார். சங்கரன்கோவிலில் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்று அவருக்கு இருக்கிறது. காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். குடியிருக்கப் பின்னால் ஓர் அறை உண்டு. புஞ்சையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். தைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"தெரிஞ்ச ஊருதான" என்றான் கருத்தப்பாண்டி. கல்யாணமான வருஷத்திலிருந்து போய்வருகிற ஊர்.

"தபசு இல்லாத அன்னைக்கு ஒருக்கா பாத்துட்டு வருவோம்" என்றாள் பேச்சித்தாய். "பெறவு சொல்லுதேன்."

3

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வழி தப்பிவிட்டது. கருத்தப்பாண்டி முன்னால் நடந்தான். வளையல் கடை வரிசை முடிகிற இடத்தில் சோற்றுக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். கிட்டங்கிகள் அந்தத் தெருவில்தான். வருஷா வருஷம் பார்த்திருக்கிறான். ஆனால் அன்று வளையல் கடை இல்லை. ராட்டினம் இல்லை. சர்பத் கடை இருந்த இடத்தில் ஒரு கழுதை நின்றது. திருவிழாக் கடைகளை அடையாளம் வைத்தே ஊரை மனத்தில் கட்டியிருந்தான். கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகும்போது இவன் ஊரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோபுரம் மட்டும் இருந்தது. அது எல்லாத் தெருவிலிருந்தும் ஒரேபோல் தெரிந்தது.

"இங்கனதானட்டி இருந்துச்சு."

"என்னது?"

"வளையல் கடை."

"அவன் ஆடியிலயே போயிருப்பாம்லா."

"இது என்னமோ வேற ஊரு மாதிரி இருக்கு."

"வேற ஊருதான். நாம இப்பதான மொதத் தடவ வாரோம்."

(பேச்சித்தாய் சொன்ன கடைசி வரி, வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கிறது. அடிக்கலாமா என்று பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், வழியில் யோசித்திருப்பாள். இருக்கட்டும்.)

திரும்பிப் படிக்கையில் கருத்தப்பாண்டியை ஒரு கோமாளியாக்கிவிட்டேனோ என்று சங்கடமாக இருக்கிறது. அவன் அப்படியில்லை. அவனுக்குத் தன் நிலத்தின் மேல் கோபம். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமுடியாத கோபம். அந்தத் தெருவில் ஓட்டுக்காக ஒரு ஜோடிக் காளையைச் சுவர் நிறைய வரைந்திருந்தார்கள். அவன் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான் என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

4

இனி அவர்களைக் கிணற்றுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கிணற்றை நான் பார்த்ததில்லை. காந்திமதியிடம் கேட்டேன்.

"என்னத்துக்கு இப்ப கெணத்து விசாரணை?"

"கதைக்கு."

"கதைக்குன்னா சும்மாவா போவிய? இந்தக் கொடத்தயும் எடுத்துட்டுப் போங்க."

குடத்தோடு போனேன். ரத வீதியைத் தாண்டியதும் நெசவுக்காரர்கள் தெரு. இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பாவு விரித்து, ஈர நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவைக் கடக்க நூலுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். பிறந்த ஊரில் தலை குனிந்து நடந்தது அன்றுதான். அதற்கப்பால் வத்தல் காய்கிற களம்; பத்துத் தும்மல். அப்புறம் கிணறு. நான் பார்த்ததையெல்லாம் என் இருவருக்கும் கொடுத்துவிட்டேன். தும்மலைக் கருத்தப்பாண்டிக்குக் கொடுத்தேன்.

கிணற்றில் சுந்தரம்மாள் என்று ஒருத்தி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமி கும்பிட வந்தியளா?"

"இல்ல, ஊரு பாக்க" என்றாள் பேச்சித்தாய்.

"இங்க பாக்க என்ன கெடக்கு?"

"இந்தக் கெணறு சித்திரையில வத்துமா?"

சுந்தரம்மாள் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "குடி வாரியளோ? வத்தும். ஊத்துக்கு வரிசையில நிக்கணும். வாய் இருந்தாத்தான் தண்ணி."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

"அதான் தெரியுதே. ஏந்து கைய."

பேச்சித்தாய் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். முகம் சுளித்தாள். "கரிக்கே."

"ரெண்டு மாசத்துல நாக்கு பழகிரும்."

திரும்பும் வழியில் அவள் புருஷனிடம் சொன்னாள்: "பழகிரும்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

5

கிட்டங்கி ஒருவழியாகக் கிடைத்தது. உள்ளே இருட்டு, பருத்தி வாசம், பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை. கருத்தப்பாண்டி ஒரு மூட்டையில் உட்கார்ந்தான். முதுகுக்குச் சுகமாக இருந்தது. "வெயில் படாத வேல" என்றான். அது பிடித்துப்போனதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. பேச்சித்தாய் அறைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், அடுப்பு வைக்க இடம் பார்த்தாள், வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல்

(இங்கே அவள் ஏதாவது சொல்வாள் என்று மூன்று நாள் காத்திருந்தேன். சொல்லவில்லை. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.)

6

இப்போது பஸ் நிற்கிற இடம். இதை எழுதும்போதுதான் அவள் முந்தியில் ஒரு முடிச்சு இருப்பதைக் கவனித்தேன். நான் கொடுத்தது இல்லை. கருத்தப்பாண்டியும் அப்போதுதான் பார்த்தான்.

"என்னட்டி அது?"

அவிழ்த்துக் காட்டினாள். ஒரு கைப்பிடி கரிசல் மண். அவர்கள் புஞ்சை மண்.

"வருஷா வருஷம் இங்கருந்து புத்துமண்ண எடுத்துட்டுப் போயி, சனி மூலையில தூவிட்டுத்தான வெதைக்கோம். இங்கனயே இருக்கப் போறோம்னா நம்ம மண்ணும் ஒரு பிடி இங்க கெடக்கட்டும்னு கொண்டாந்தேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா திருப்பிக் கொண்டு போயிருவேன்."

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கிட்டங்கிக்குப் பின்னால் மண்ணைக் கொட்டிவிட்டு வருகிறாள். தையில் குடிவருகிறார்கள். சித்திரையில் சுந்தரம்மாளோடு குடுமிப்பிடிச் சண்டை, வைகாசியில் சமாதானம். ஆடியில் வளையல் கடைக்காரன் வந்து சேர்கிறான். அவன் கடையை அவளுக்கு இப்போது பிடிக்கவில்லை, வழியை அடைக்கிறதாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜன்னலில்லாத அறையில் கருத்தப்பாண்டி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து மழைக்கு மேகம் பார்ப்பான் என்று எனக்கு எழுத வரவில்லை.

இன்னொரு முடிவில் முடிச்சோடு ஊர் திரும்புகிறார்கள். அன்று சாயந்திரமே வடகிழக்கே சனி மூலையில் மின்னுகிறது. மழை பெய்யவைப்பது எனக்கு ஒரு வரி வேலை. அதனால்தான் கை கூசுகிறது. மூன்று வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பஸ் ஹாரன் அடிக்கிறது. கருத்தப்பாண்டி ஒரு காலைப் படியில் வைத்திருக்கிறான். "சொல்லுட்டி" என்கிறான். பேச்சித்தாய் உள்ளங்கையில் மண்ணோடு நிற்கிறாள். அவள் ஊருக்குப் புதியவள். என்னிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாகிவிட்டது, நான் பொத்தாம்பொதுவாகக் கை காட்டினேன். இப்போது உங்களைப் பார்க்கிறாள்.

தண்ணீர் கரிக்கும் என்று சொல்லுங்கள். நாக்கு பழகிவிடும் என்பதையும் சொல்லுங்கள். போ என்றோ இரு என்றோ உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். மழை பெய்யும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பிவிடுவாள்.