அசனா உம்மாவின் கிணறு

கத்தாரில் இருந்து ஒன்றரை மாத லீவில் கிண்ணியாவுக்கு வந்திருந்த ஸுஹைருக்கு ஊரில் செய்து முடிக்க ஒரேயொரு வேலைதான் இருந்தது. மௌத்தாகிப் போன தன் உம்மாவின் பெயரில் கட்டிய கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டும். அப்படி ஒரு கிணறு இருப்பதை அவன் மனைவி றுஷ்தாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவன் விட்ட பிழை. ஆனால் அதைப் பிழை என்று எந்த வாயால் சொல்வது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவளே அந்த உம்மாதான்.

அசனா உம்மா ஆயுளில் பாதியைத் தண்ணீர்க் குடத்தோடு நடந்தே கழித்தவள். அவர்களுடைய துண்டுக் காணியில் கிணறு இல்லை. பக்கத்து வளவில் இருந்தது. அங்கே ஒரு குடம் அள்ளினால் ஒன்பது கதை கேட்க வேண்டும். அதனால் பள்ளிவாசல் கிணற்றுக்கே போய் வருவாள், காலையில் இரண்டு தடவை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு தடவை. வீட்டுக்கு யாராவது வந்து தண்ணீர் கேட்டால் முகம் சுளித்ததே கிடையாது. செம்பு நிறையக் கொடுத்துவிட்டு, வந்தவர் போனதும் வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடப்பாள். குடித்துவிட்டுப் போன மனுஷருக்கு அது தெரியவே தெரியாது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸுஹைருக்குத் தெரியும்.

அவள் மௌத்தானபோது அவன் கத்தாருக்குப் போய் இரண்டு வருஷம். கம்பனிக்காரன் பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. பெற்றவளின் கபுறில் மூன்று பிடி மண் போட வாய்க்காத பிள்ளை, இரவு பகலாக ஓவர்டைம் செய்தான். இன்னும் இரண்டு வருஷம் போனபின் அந்தக் காசை முழுதாக லாபிருக்கு அனுப்பினான்.

லாபிரைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் குறைவு. மேசன் வேலையில் தொடங்கி கொந்தராத்துக்காரனாக வளர்ந்தவர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் காசு அனுப்பினால் தண்ணீர் இல்லாத ஊர்களில் அவர்களுடைய தாய் தகப்பன் பெயரில் கிணறு கட்டிக் கொடுப்பார். பேஸ்புக்கைத் திறந்தால் வாளியும் பெயர்ப்பலகையுமாக அவருடைய கிணறுகள்தான். ஆள் ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முன் வரிசை. வாயைத் திறந்தால் தேன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் நானா, ரசீதும் வேண்டாம், உங்களுக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரிந்தால் போதும் என்று ஸுஹைர் சொன்னபோது, லாபிருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்திருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு போட்டான்.

மூன்றாம் மாதம் படம் வந்தது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘மர்ஹூமா அசனா உம்மா அவர்களின் நினைவாக’. பக்கத்தில் பச்சைச் சேலை உடுத்த ஒரு பெண், கையில் வாளி, முகத்தில் நல்ல சிரிப்பு. எட்டுப் பேர் படுக்கிற அறையில் போர்வைக்குள்ளே முகத்தை மூடிக்கொண்டு ஸுஹைர் அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பெண்ணின் சிரிப்பு அவனுக்குப் பாடமாகிவிட்டது. இனி அவள் நடக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பில் நித்திரை வரும்.

ஊருக்கு வந்த அடுத்த நாளே லாபிரின் வீட்டுக்குப் போனான். கட்டிப்பிடித்தார், பிளேன்டீ கொடுத்தார், உம்மாவுக்காகக் கையேந்தித் துஆவும் கேட்டார். கிணற்றைப் பார்க்க நாளைக்கே போவோம் என்றார். நாளைக்கு வேனுக்கு டயர் இல்லை. அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பிறகு அந்தப் பாதை மழையில் அரித்துப் போய்விட்டது, பிறகு யாருக்கோ காய்ச்சல். எந்த ஊர் என்றாவது சொல்லுங்கள், நானே போகிறேன் என்றதற்கு, வெருகலுக்கு உள்ளே, காட்டுப் பக்கம் தம்பி, உங்களால் கண்டுபிடிக்க ஏலாது என்று சிரித்தார். பத்து நாள் இப்படிப் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறோம். இங்கே வெட்டாமலே புறப்பட்டது.

பதினோராம் நாள் ஸுஹைர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெண்ணுக்குப் பின்னால் தலை முறிந்த பனை ஒன்று. அதற்கும் பின்னால், மரங்களுக்கு மேலே, ஒரு போன் கோபுரம். ஓரத்தில் கரையில் ஏற்றிவைத்த தோணி. வெருகலுக்கு உள்ளே என்றால் இந்தத் தோணிக்கு அங்கே என்ன வேலை? மச்சானின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். கிண்ணியாப் பாலம், சீனக்குடா, கோதுமைக் கப்பல் நிற்கிற துறைமுகம், டவுன், நிலாவெளி என்று வடக்கே கடற்கரையைப் பிடித்துக்கொண்டு போய், நின்ற இடமெல்லாம் படத்தைக் காட்டினான். இறக்கக்கண்டியில், மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கிற ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்த உடனே சொன்னார்.

“இது முனீப்ட கிணறுதானே.”

இல்லை, இது அசனா உம்மாவின் கிணறு என்றான் ஸுஹைர். பலகையை வாசித்துக் காட்டினான். மீன்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கைச்சண்டை போட்டாலும் அது முனீபின் கிணறுதான் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, கோபுரத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்புகிற மணல் பாதையைக் காட்டினார்.

பனை நின்றது. தோணி இருந்த இடத்தில் இப்போது தோணி இல்லை. தகரக் கூரை போட்ட சின்ன வீடு, முன்னால் கிணறு. நீலப் பலகையும் இருந்தது. அதில் ‘மர்ஹூம் கலீலுர் றஹ்மான் அவர்களின் நினைவாக’ என்று எழுதியிருந்தது.

ஸுஹைருக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது. வேறு யாருடையதோ கிணறு, தன்னுடையது இன்னும் எங்கோ இருக்கிறது என்று. மனம் ஏமாற விரும்பினால் எந்தப் பொந்துக்குள்ளும் புகுந்துகொள்ளும். கிட்டப் போய்ப் பார்த்தான். பலகையின் நாலு மூலையிலும் ஆணி. ஆணியைச் சுற்றிச் சீமெந்தில் பழைய துளைகள். ஒவ்வொரு மூலையிலும் அடித்துக் கழற்றி, தள்ளி அடித்துக் கழற்றி, சீமெந்து பொரிந்து உதிர்ந்திருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பழைய சட்டை, தலையில் சாயம் போன துண்டு. இந்த முகத்தை அவன் நூறு தரம் பார்த்திருக்கிறான். அவளோ அவனைப் பார்க்கவில்லை. அவன் கையில் இருந்த போனைத்தான் பார்த்தாள்.

“லாபிர் நானா அனுப்பினவரா? இண்டைக்கு எண்டு ஒண்டும் சொல்லல்லயே” என்றாள். “கொஞ்சம் நில்லுங்க தம்பி. சீலை மாத்திட்டு வாறன்.”

அவன் வாய் திறக்க முன் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது நல்ல சேலை உடுத்து, முக்காட்டை ஒழுங்காகப் போட்டிருந்தாள். கையில் வாளி. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில், கால் வைத்துப் பழகிய இடத்தில் போய் நின்று, பலகை மறைபடாமல் கொஞ்சம் விலகி, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அதே சிரிப்பு. சிரித்தபடியே, புதுப் பலகை கொண்டுவரவில்லையா என்று கேட்டாள்.

ஸுஹைர் கிட்டப் போனான். போனில் இருந்த படத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“அசனா உம்மா. ஓம், ஞாபகம் இரிக்கி. அண்டைக்குப் பச்சைச் சீலை.” பிறகுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இவ உங்களுக்கு ஆரு?”

“உம்மா.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. போகிற வழி தெரியாமல் நின்றது. வாளியைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் பெயர் நஸ்ரியா. அந்தக் கிணறு அவள் புருஷன் முனீப் வெட்டியது. அகதியாகப் போய்த் திரும்பி வந்தபோது வளவில் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லையாம். மண்வெட்டியும் கடகமுமாக அவன் இறங்கி வெட்ட, இவள் மேலே நின்று மண் இழுத்தாளாம். முனீப் மௌத்தாகி இப்போது மூன்று வருஷம். அவள் வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்த கையோடு லாபிர் வந்தார். கிணற்றைத் திருத்தி மோட்டர் போட்டுத் தருவதாகச் சொன்னார், அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார். மோட்டர் வரவில்லை. அடுத்த தடவை வரும்போது பலகையோடு வந்தார். அரிசி மூடை ஒன்றும் கொண்டுவந்தார். எத்தனை பலகை மாறியது என்று அவள் எண்ணவில்லை. கிணறுகளெல்லாம் தூரத்தில், காட்டுப் பக்கத்தில் கட்டியிருக்கிறது, பாதை கஷ்டம் என்பதால் படம் மட்டும் இங்கே எடுக்கிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

“அத நம்பினீங்களா ராத்தா?”

“நம்பத்தானே வேணும் தம்பி” என்றாள் நஸ்ரியா. “அரிசி வருது.”

ஸுஹைர் அங்கே நின்றபடியே லாபிருக்குப் போன் எடுத்தான். எங்கே நிற்கிறேன் என்று சொன்னான். லாபிரின் குரலில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை; பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரல். மனதில் வைக்கிற நிய்யத்துக்குத்தான் கூலி தம்பி, நீங்கள் நிய்யத்து வைத்த அன்றைக்கே உம்மாவின் பேரில் எழுதியாச்சு, கல்லையும் சீமெந்தையும் ஏன் பார்க்கிறீர்கள் என்றார். ஸுஹைர் கத்தினான். பொலிசுக்குப் போகிறேன் என்றான். லாபிர் கத்தவில்லை.

“போங்க. ரசீது இரிக்கா? சாட்சி இரிக்கா? ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டது நீங்கதானே. என்ட முகம் எந்தப் படத்திலயும் இல்ல. எல்லாப் படத்திலயும் நிக்கிறது அந்தப் பொம்புள. முதல்ல அவவத்தான் கூட்டிட்டுப் போவாங்க.”

போன் சத்தம் வெளியே கேட்டது. நஸ்ரியாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. அவள் கெஞ்சியிருந்தால்கூட அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கோபத்தில் அவன் பலகையைப் பிடித்து இழுத்தான். ஒரு மூலை கழன்றது. தகரம் விரலை வெட்டியது. மறு மூலையில் கை வைத்தபோது நஸ்ரியா மெல்லச் சொன்னாள்.

“விடுங்க தம்பி. அவரும் ஆரோ ஒராள்ட வாப்பாதானே.”

கையை எடுத்துவிட்டான். கலீலுர் றஹ்மான் என்கிற அந்த மனுஷனின் மகனோ மகளோ எந்த நாட்டில், எந்த அறையில், எந்தப் போர்வைக்குள்ளே இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதோ. முனீபின் கிணற்றில் முனீபின் பெயர் மட்டும்தான் ஒரு நாளும் இருந்ததில்லை.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காலையில் புறப்பட்டவன் ஒன்றும் குடிக்கவில்லை. நா ஒட்டியது. யாருடைய கிணறோ, கிணறு கிணறுதானே. ஒரு மிடறு குடித்தால் வந்த வேலையில் பாதியாவது முடியும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. வாளியை இறக்கி அள்ளினான். கையில் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனபோது நஸ்ரியா ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

“குடிக்காதீங்க. உப்பு. முனீப் மௌத்தான வருஷம் கடலேரித் தண்ணி ஏறினது. ஆடு கூடக் குடிக்காது.” வாளியைக் கவிழ்த்துவிட்டு, “படத்துக்கு மட்டும்தான் அள்ளுறது” என்றாள்.

பிறகு, தண்ணி விடாய்க்குதா தம்பி என்று கேட்டாள். அவன் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டான். பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டு இருக்கச் சொன்னாள். குசினிக்குள் போனாள். மூடி திறக்கிற சத்தமும், வெறும் பாத்திரத்தில் செம்பு இடிபடுகிற சத்தமும் கேட்டன. அவன் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டு, உம்மாவுக்கு இனி என்ன சொல்வது என்று யோசித்தான். திரும்ப இரண்டு வருஷம் ஓவர்டைம் செய்யலாம். ஆனால் இனி ஒரு படம் வந்தால் அதை எப்படி நம்புவது?

நேரம் போனது. நஸ்ரியா வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தான். பின்கதவு திறந்து கிடந்தது. மணல் பாதையில், அரைக் கட்டைத் தூரத்தில் பள்ளிக்கூடச் சந்தியில் பவுசர் லொறி வந்து தண்ணீர் ஊற்றுகிற கறுப்புத் தாங்கி தெரிந்தது. அதை நோக்கி நஸ்ரியா போய்க்கொண்டிருந்தாள். படத்துக்கு உடுத்த நல்ல சேலையோடு, இடுப்பில் ஒரு வெறுங்குடம்.

“ராத்தா, வேணாம், திரும்புங்க” என்று ஸுஹைர் கூப்பிட்டான். இன்னும் பலமாகக் கூப்பிட்டான்.

அவள் நின்று திரும்பினாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தண்ணி இல்ல எண்டு சொல்ல ஏலுமா? இப்ப வந்திருவன், போய் இரிங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். அவள் போகிறதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் ஸுஹைர். உம்மா மௌத்தான செய்தி வந்த அன்று அறைக்காரர்கள் முன்னால் அவன் அழவில்லை. இப்போது அழுதான்.