மோதிரம் விழுந்த நேரம்

லிஃப்ட் மெக்கானிக்கின் வலது மணிக்கட்டு முறிந்ததற்காக வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அவன் வருத்தமெல்லாம் கணினி மவுஸைப் பற்றி. மாவுக்கட்டு போட்ட கையால் அதைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் ஆடிப் பார்த்தான். பூதம் ஒரு பக்கம் நிற்க, கோடாலிக்காரி சுவரை வெட்டிக்கொண்டிருந்தாள்.

கோடாலிக்காரி என்பது அவன் விளையாடும் கேமில் அவனுடைய ஆள். பாதாளக் கிடங்குக்குள் இறங்கினால் எலும்புக்கூடுகள் ஈசல் மாதிரி மொய்க்கும். அவற்றை வெட்டித் தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் மூன்று தலைப் பூதம். அது செத்து விழுந்ததும் பொன்னும் கவசமுமாகத் தரையெங்கும் சிதறும். எப்போதாவது, லட்சத்தில் ஒரு தடவை, ஒரு கருநீல மோதிரமும் விழுமாம். அப்போது மணியோசை கேட்குமாம், தரையிலிருந்து கூரை வரை ஒளித்தூண் எழும்புமாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான், அவன் கண்டதில்லை.

மாதக்கணக்கில் வெட்டியாயிற்று. விழுந்ததெல்லாம் ஏற்கெனவே பெட்டி கொள்ளாமல் கிடக்கிற தொப்பியும் செருப்பும். பை நிரம்பும், மேலே வந்து விற்க வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். சீ என்று கணினியை அணைத்துவிட்டு முகம் கழுவப் போவான். துடைப்பதற்குள், அடுத்த தடவை விழுந்துவிட்டால் என்று மனது குறுகுறுக்கும். ஈர முகத்தோடு வந்து மறுபடி போடுவான். இப்போது கேமின் இந்தச் சீசன் முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த மோதிரம் யாருக்கும் விழாது.

கூட வேலை பார்க்கிற, டமாரம் என்று பட்டப்பெயர் வாங்கிய நண்பனுக்கு முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டது. அதிலிருந்து இவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்கும்போதெல்லாம் அவன் மேலே நின்று வாயாலேயே மணியடித்துக் காட்டுவான்.

மனைவிக்குப் பகலெல்லாம் ஆய்வகத்தில் வேலை. அதனால் இவனைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்திருந்தார். துணிக்கடையில் விற்பனையாளராக நிற்பவர். லீவு போட்டுவிட்டு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பொறியில மாட்டுன எலியாட்டம் சுத்திச் சுத்தி வர்றீங்க? ஒரு இடத்துல உக்காருங்களேன்."

"உக்காந்தா கை நமநமங்குது அத்தை."

"அந்தக் கோடாலிப் பொம்பளைய இங்க குடுங்க, நான் வெட்டுறேன். கடைக்கு வர்றவங்களை ஒண்ணும் பண்ண முடியாம நாள் பூரா சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். இங்கயாவது வெட்டிக்கிறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டான்.

சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "அத்தை, கொஞ்சம் பின்னாடி வந்துடுங்க" என்று மரியாதையோடு சொல்லி முடிப்பதற்குள் கோடாலிக்காரி மல்லாந்து கிடப்பாள். மனைவி என்றால் கத்தியிருப்பான், தம்பி என்றால் ஒரு குட்டு வைத்திருப்பான். மாமியாரை என்ன செய்ய? கட்டில்லாத கையால் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டான். போதாக்குறைக்கு அவர் கீழே கிடக்கிற எதையும் விடுவதில்லை.

"அதெல்லாம் குப்பை அத்தை."

"நல்ல தொப்பி மாப்பிள்ளை. ஒருத்தரும் தொட்டதுகூட இல்ல."

வெள்ளிக்கிழமைக்குள் மாமியாருக்குக் கை பழகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன்தான் ஓடிப் போய் அணைத்தான்.

அன்று மத்தியானம் பூதத்தின் மூன்று தலையில் இரண்டு சாய்ந்திருந்த நேரம், வாசல் மணி அடித்தது. கூரியர்க்காரர். இடது கையால் அவன் கோழிக் கிறுக்கலாகப் போட்டதை அவர் உற்றுப் பார்த்தார்.

"இது கையெழுத்தா சார்?"

"கட்டு போட்டிருக்கு, தெரியலையா?"

உள்ளே கணீரென்று மணியோசை கேட்டது. பார்சலைக் கூரியர்க்காரர் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். அதற்குள் திரையில் ஒளியும் இல்லை, தூணும் இல்லை. பைக்குள் கருநீல மோதிரம் இருந்தது.

"என்னமோ மின்னுச்சு, எடுத்து உள்ள போட்டேன். இதானே நீங்க தேடுனது?" மாமியார் முகமெல்லாம் பல்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவனோ ஒளித்தூண் எழும்பியிருக்க வேண்டிய இடத்தையே திரையில் தேடிக்கொண்டிருந்தான். டமாரத்துக்குப் போன் போட்டு மோதிரம் விழுந்ததைச் சொன்னான்.

"கட்டோட எப்படிடா அடிச்ச?"

"எங்க அத்தை அடிச்சாங்க."

"அப்ப அது அத்தை மோதிரம். உனக்கென்னடா அதுல?" என்று சிரித்து, மறக்காமல் மணியும் அடித்துவிட்டுத்தான் வைத்தான்.

மாமியார் எழுந்தார். "கிடைச்சிருச்சுல்ல? போய் அடுப்பைக் கவனிக்கிறேன்."

"இன்னொரு தடவை இறங்கலாம் அத்தை."

"இன்னும் எதுக்கு?"

"அது விழுறதை நான் பாக்கலையே."

கடையில் பில் போட்ட பிறகு அலமாரி முழுவதையும் பிரித்துக் காட்டச் சொல்கிற ஆளைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை முழுக்க இறங்கினார்கள். மோதிரத்தின் தயவில் பூதம் இரண்டே வெட்டில் செத்தது. அதிலும் ஒரு சுவாரசியம் இல்லை. ஞாயிறு மத்தியானம் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அவருக்குத்தான் பைத்தியம்னா உனக்குமா?" வாசல் மணி அடித்தது, அவன் நகரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது பூதம் மறுபடி விழுந்தது, பொன் சிதறியது. அதோடு திரை மங்கி, சீசன் முடிந்தது என்று அறிவிப்பு வந்தது.

அவன் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான்.

"அத்தை, அந்த வெளிச்சம் எப்படி இருந்துச்சுன்னாவது சொல்லுங்களேன். கூரை வரைக்கும் போச்சா?"

மாமியார் மவுஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நான் எங்க மாப்பிள்ளை பாத்தேன்? வேற எதுவும் வந்து தூக்கிட்டுப் போயிடுமோன்னு பதறிப் போயி, தரையையே பாத்துக் குனிஞ்சு பொறுக்குனேன்."

ஆக, அந்த வீட்டில் யாருமே பார்க்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. இன்னொரு நடை நடந்து திரும்பினான். மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"புது சீசன் வியாழக்கிழமையாம். அதுக்கும் ஒரு மோதிரம் இருக்காம். உங்க கட்டு எப்ப பிரிக்கிறாங்க?"

"இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

அவர் போனை எடுத்துக் கடை முதலாளியின் எண்ணைத் தேடினார். "அண்ணே, மாப்பிள்ளைக்கு இன்னும் சரியாகலைண்ணே..."

அவன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். பிறகு தன் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டான்.