யாரும் கண்டுபிடிக்கக் கூடாத குரல்

தன் குரல் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் பாட்டு வெளியே போகக் கூடாது. பிரதீபா இந்த நிபந்தனையோடுதான் நாலு வரி பாடிக் கொடுத்தாள். கல்லூரிப் போட்டியில் உச்சத்தில் குரல் உடைந்து அரங்கமே சிரித்ததிலிருந்து, ஆறு வருடமாக அவள் யார் முன்னாலும் பாடியதில்லை.

அவள் கணவன் கௌசிக் வாரமெல்லாம் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை வடகரப்பதி வீட்டில் லேப்டாப்பும் ஸ்பீக்கருமாக மின்னணு இசை. அந்த நாலு வரியும் அதற்குத்தான். பழைய கருவிகளின் சத்தத்தைக் கொண்டுவரும் பிளகின் என்ற குட்டி மென்பொருள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிச் சேர்த்து வைத்திருந்தான்.

முதலில் டேப் ரெக்கார்டர் பிளகினைப் போட்டான். குரல் லேசாக ஆடியது, பின்னால் இரைந்தது. கொடியில் துணி எடுக்க வந்த தங்கை ஜீவிதா, அண்ணிக்குச் சளியா என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்து எதிரொலி. ஜீவிதா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணி, எந்தக் கெணத்துக்குள்ள உழுந்து பாடுனீங்க?"

பிரதீபாவின் முகம் வாடிவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கௌசிக் விசாரித்தான். வரிக்கு வரி மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறாரே, காய் நறுக்கும்போது பாட்டை முணுமுணுத்தாலும் அப்படித்தானே என்றாள் ஜீவிதா.

கௌசிக் மூச்சுகளை வெட்டினான். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, பழைய ரேடியோ பிளகினுக்குள் தள்ளினான். ஜீவிதாவை வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டிவிட்டு, தோட்டத்திலிருந்து வந்த அம்மா நாச்சம்மாளிடம் போட்டுக் காட்டினான்.

நாச்சம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள். யார் பெண், எந்த ஊர், வேறு ஏதாவது பாடியிருக்கிறாளா என்று கேட்டாள். உச்சத்துக்குப் போகிற இடம்தான் நன்றாக இருக்கிறதாம்.

வேலை முடிந்தது, இனி பாட்டை இணையத்தில் வெளியிடலாம் என்று கௌசிக் மனைவியைப் பார்த்தான். அவளோ மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க அத்தை."

நாச்சம்மாள் மருமகளையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்கு சாமி உன்னையக் கொண்டுபோயி ரேடியோவுக்குள்ள அடச்சு வெச்சிருக்கறான்?"

ஜீவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிரதீபாவும் சிரித்தாள். ரேடியோவை எடுக்கச் சொன்னாள். டேப் மட்டும் பாதியாகக் குறைத்து இருக்கட்டும், அது தனக்கும் பிடித்திருக்கிறது என்றாள். பிறகு கணவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, பாடுனவங்க பேரு எங்க போடறது?"